வாடகைக்குக் குடியிருந்த வீட்டுக்காரி

தெருவில் எல்லோருக்கும் அவள் பார்லரக்கா. பெண்களுக்கு முடி வெட்டி, புருவம் திருத்தி, கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்து, வருஷக்கணக்காக நின்றுகொண்டே சம்பாதித்தவள். அந்தச் சேமிப்பில் ஊரின் மறுகோடியில் ஒரு பழைய வீடு வாங்கினாள். பார்லர் இந்தப் பக்கம் இருந்ததால் அவளும் புருஷனும் பழையபடி வாடகை வீட்டிலேயே இருந்துகொண்டு, சொந்த வீட்டை வாடகைக்கு விட்டார்கள். "நாமளும் வீட்டுக்காரங்கதான். ராத்திரி தூங்குறது மட்டும் அடுத்தவன் வீட்டுல" என்று லாரி ஓட்டும் புருஷன் சிரித்தான்.

வீடு பார்க்கப் போனது நல்ல வெயில் காலம். சுவரெல்லாம் காய்ந்து கிடந்தது. முகத்துக்குப் பூச்சு பூசுவதே தொழிலாகக் கொண்டவள் வீட்டுக்கும் அதையே செய்தாள். வெளியே இளமஞ்சள், உள்ளே வெள்ளை, வாசலுக்குப் புதுக் கதவு. சுவருக்குள் ஓடும் குழாயை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் ஒருவர், தன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் குடிவந்தார். மழை பிடித்ததும் அவரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, குளியலறைச் சுவர்ல ஈரம். படுக்கையறைப் பக்கம் வெள்ளையெல்லாம் உரியுது."

"மழைன்னா ஈரம் இருக்கத்தான் செய்யும் தம்பி. வந்து பாக்குறேன்."

அன்று காலையில்தான் அவள் தான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரிடம் சமையலறைக் குழாய் ஒழுகுவதாகச் சொல்லி, "பாக்கலாம்மா" என்ற பதிலை வாங்கிக்கொண்டு, "மனுஷனா இவன்" என்று புருஷனிடம் பொரிந்து தள்ளியிருந்தாள். அந்த வாயால்தான் இதையும் சொன்னாள். அப்போது அவளுக்கு அது உறைக்கவில்லை.

போன் மறுபடியும் வந்தது. இதுகள் சும்மா பெரிதாக்குகின்றன என்று அவளுக்குப் பட்டது. ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் போய், கையிலிருந்த மாற்றுச் சாவியால் திறந்து உள்ளே நுழைந்தாள். நேரே படுக்கையறைக்குப் போனாள். குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே கண்ணயர்ந்திருந்த அந்தப் பெண் அலறிப் புடைத்து எழுந்து, புடவையை இழுத்து மூடிக்கொண்டாள். குழந்தை வீறிட்டது.

"நான்தாம்மா, ஈரத்தைப் பாக்க வந்தேன்."

அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள். "கதவைத் தட்டியிருக்கலாமேக்கா."

இரண்டொரு நாளில் பூட்டு மாறியிருந்தது. புருஷன் கொதித்துவிட்டான். "நம்ம வீட்டுக்கு நம்மகிட்டயே சாவி இல்லையா? காலி பண்ணச் சொல்லு."

அவளுக்கும் முதலில் ரத்தம் தலைக்கு ஏறத்தான் செய்தது. ஆனால் பாத்திரம் கழுவும்போது ஒழுகும் குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். கல்யாணமான புதிதில் இருந்த வீட்டில், அந்த வீட்டின் சொந்தக்காரர் எப்போது நுழைவாரோ என்று கதவுக்குப் பின்னால் நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனவள் அவள்.

"அந்தப் பொண்ணு பண்ணது சரிதாங்க" என்றாள். "நாளைக்குப் பிளம்பரக் கூட்டிட்டுப் போறேன். வரலாமான்னு கேட்டுட்டு."

கேட்டாள். அந்தப் பெண் நேரம் சொன்னாள். வாசலில் நின்று தட்டி, கதவு திறக்கும்வரை காத்திருந்தாள். பிளம்பர் குளியலறைச் சுவரைப் பெயர்த்தார். உள்ளே இரும்புக் குழாய் துருவேறி இற்றுப் போயிருந்தது. "இத மாத்தாம மேல என்ன பூசினாலும் நிக்காது" என்றார்.

வேலை முடியும்வரை அந்த வீட்டில் குளிக்க வழியில்லை. அவர்கள் மூவரையும் பார்லரக்கா தன் வாடகை வீட்டுக்கே கூட்டி வந்தாள். புருஷன் முறைத்துக்கொண்டேதான் இருந்தான். குழந்தை அவன் மீசையைப் பிடித்து இழுத்ததும் அந்த முறைப்பும் போய்விட்டது. அந்த மாத வாடகையை அவள் வாங்கவில்லை. புதுப் பூட்டுக்குச் சாவியும் கேட்கவில்லை.

வீட்டைக் கட்டிப்பார் என்றவர்கள் வாடகைக்கு விட்டுப்பார் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்பாள். முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்கள் இதைப் பற்றிப் பேச்செடுத்தால், கத்தரியை நிறுத்தாமலே சொல்வாள்: "வாங்கற வீட்ட மழையில போய்ப் பாருங்க. பக்கத்து வீட்டுல விசாரிங்க. கைல இருக்குறதையெல்லாம் கொட்டி வாங்கிடாதீங்க, ரிப்பேருக்குன்னு கொஞ்சம் எடுத்து வைங்க. வாடகைக்கு விட்டா, யார் எத சரி பண்ணணும்னு குடிவர்றவங்களோட முதல்லயே எழுதிக்குங்க. அதுக்கப்புறம் அது அவங்க வீடு. விட்டுருங்க."

சில வருஷம் கழித்துக் கண்ணாடிக் கடையில் வேலை செய்தவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. காலி செய்கிற அன்று அவர் மனைவி தன் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு பார்லருக்கு வந்தாள்.

"இவங்க வீடு தேடுறாங்கக்கா. அலையாதீங்க, நம்ம அக்கா வீடு இருக்குன்னு சொல்லிட்டேன்."

பார்லரக்கா நாத்தனாரை நாற்காலியில் உட்காரவைத்தாள். "முதல்ல குழாயெல்லாம் திறந்து பாத்துட்டு வாங்கம்மா. அப்புறம் பேசலாம்" என்றாள்.