கசகசா இல்லாத குருமா

என் அண்ணனுக்கு வேலை போனதற்கு எங்கள் வீட்டு ஆட்டுக்கறிக் குருமாவே காரணம் என்று எங்கள் தெரு சில மாதங்கள் உறுதியாக நம்பியது. அந்த நம்பிக்கையைத் தோற்றுவித்தவர் என் அம்மா. அது தவறு என்று அறிந்திருந்தவர்கள் இருவர்: அண்ணனும் நானும்.

அண்ணன் ஓசூர்ப் பக்கம் ஒரு பெரிய கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் முன்னறிவிப்பின்றி எல்லா ஓட்டுநர்களிடமும் சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். அண்ணனுடையதில் போதைப்பொருள் இருந்தது. மறுசோதனையும் அதையே சொன்னது. அந்த வாரமே அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு பை, ஒரு மேசை மின்விசிறி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் உரிமம் ஆகியவற்றுடன் அவன் கம்பம் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கினான். மின்விசிறியை அம்மா சமையலறைக்கு எடுத்துக்கொண்டார். உரிமத்தை என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. நெல்லும் திராட்சையும் விளையும் ஊரில் ஃபோர்க்லிஃப்ட் என்றால் என்ன என்று கை ஜாடையில்தான் விளக்க வேண்டியிருந்தது.

சோதனைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவன் ஊருக்கு வந்திருந்தான். தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் அம்மா குருமா வைத்தார். அம்மாவின் குருமாவில் தேங்காய்க்கு இணையாகக் கசகசா அரைத்து விழும். இந்த இரண்டு செய்திகளையும் அம்மா ஒன்றாக இணைத்தார்.

"துபாய்க்குப் போறப்ப எங்க அக்கா வீட்டுக்காரர் பையில இருந்த கசகசாவ ஏர்போர்ட்லயே தூக்கிப் போட்டுட்டாக. அங்கன கொண்டுபோனா ஜெயிலாம். அப்பேர்ப்பட்ட சாமானை நான் கை நிறைய அள்ளிப் போட்டிருக்கேன். எம்புள்ள வேலையை நானே அரைச்சு ஊத்திட்டேன்" என்றார்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் தினமும் பேருந்தில் தேனிக்குப் போய் முதுகலைத் தமிழ் இலக்கியம் படிப்பவள். பிறர் சொல்லும் பொருளை நம்பாதே, பிரதியைப் படி என்பது எங்களுக்குக் கற்றுத்தரப்படும் முதல் பாடம். ஆகவே, அண்ணனின் சான்றிதழ்களை நகலெடுக்கப் போனபோது அவற்றோடு இருந்த சோதனை அறிக்கையைப் படித்தேன். அது ஒரு சிறு அட்டவணை. கசகசா அபின் செடியின் விதை; அது வெளிப்பட வேண்டுமானால் அபின் வகைக்கு உரிய வரியில்தான் வெளிப்பட வேண்டும். அந்த வரி மாசற்று இருந்தது. அதற்கு இரண்டு வரி கீழே, கஞ்சாவுக்கு உரிய இடத்தில் 'உள்ளது' என்று தடித்த எழுத்தில் இருந்தது.

மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அண்ணனிடம் காகிதத்தை நீட்டினேன்.

"இது கசகசா இல்ல."

"தெரியும்."

"அப்புறம் ஏன் அம்மா சொல்றப்ப தலையாட்டுன?"

"ஆட்டல புள்ள. குனிஞ்சேன். அம்மாவா அர்த்தம் எடுத்துக்கிருச்சு."

உரையாசிரியர்கள் மூலத்தில் இல்லாததை உரையில் ஏற்றுவது இப்படித்தான் நிகழ்கிறது போலும். நான் காத்திருந்தேன். அவன் ஒரு சட்டையை இரண்டு முறை உதறினான்.

"கம்பத்துக்காரன்னு சொன்னாலே 'கஞ்சா சரக்கு இருக்கா'ன்னுதான் கேப்பாய்ங்க. இல்ல இல்லன்னு சொல்லியே ரெண்டு வருசம் ஓட்டினேன். கடைசில அவய்ங்கதான் எனக்குக் குடுத்தாய்ங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா தூக்கம் வராது. முதல்ல ஒரு நாள். அப்புறம் எல்லா நாளும்."

"இப்ப?"

"இங்கன வந்ததுல இருந்து இல்ல. அம்மாட்ட சொல்லிறாத."

சொல்லவில்லை. நான் இயல்பாகவே அதிகம் பேசாதவள். ஆகவே என் மௌனத்தை யாரும் கவனிக்கவும் இல்லை.

அம்மா மௌனமாக இருக்கவில்லை. எங்கள் தெருக் குடும்பங்கள் வாரம் ஒருமுறை கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில், விண்ணப்பங்கள் சொல்லும் நேரத்தில், தம் கசகசாவைப் பற்றி எழுந்து நின்று அறிவித்தார். ஒரு பெண்ணின் மகன் காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் அன்றே கசகசா நின்றது. இன்னொருவரின் மருமகன் லாரி ஓட்டுநர். அங்கும் நின்றது. ஓட்டுநரும் தேர்வரும் இல்லாத வீடுகள் முன்னெச்சரிக்கையாக நிறுத்தின. பலசரக்குக் கடைக்காரர் ஒரு மாலை என்னைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. கசகசா போனாப் போகுது. அடுத்து மிளகைப் பத்தி எதாச்சும் சொல்லிறப் போறாக. மூட்டையா வாங்கி அடுக்கியிருக்கேன்."

கோவில் திருவிழாவில் ஊருக்கே பொது விருந்தாக அசனம் நடக்கும். அந்த ஆண்டு அசனக் குருமாவிலும் கசகசா விழவில்லை. பதிலுக்குப் பொட்டுக்கடலை அரைத்து ஊற்றியிருந்தார்கள். முதல் பந்தியிலேயே முகங்கள் சுளித்தன. சமையலுக்குப் பொறுப்பேற்றிருந்தவர் கரண்டியை உயர்த்தி விளக்கம் அளித்தார்.

"யாரும் கோவிச்சுக்காதீக. குழம்பு கொஞ்சம் சப்புன்னுதான் இருக்கும். இந்தா நிக்கிறான்ல தம்பி, இவனை மாதிரி இன்னொரு புள்ளைக்கு வேலை போயிறக் கூடாதுன்னுதான்."

அந்தத் தம்பி அப்போது குருமா வாளியுடன் பந்தியின் நடுவே நின்றுகொண்டிருந்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவனை இரக்கத்துடன் நிமிர்ந்து பார்த்தார்கள். சிலர் அந்த இரக்கத்தினாலேயே இன்னொரு கரண்டி கேட்டார்கள். அவன் காதுகள் சிவந்ததை நான் எதிர் வரிசையிலிருந்து கண்டேன்.

திருவிழா முடிந்த பத்து நாட்களில் அழைப்பு வந்தது. சின்னமனூர்ப் பக்கம் வாழைப்பழத்தை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு பேக்கிங் ஹவுஸ். அதன் உரிமையாளர் போடியில் வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த பெண்மணி. வேலை செய்வோர் அனைவருக்கும் அவர் அக்கா. குளிர்சாதன அறைக்கென்று ஒரு ஃபோர்க்லிஃப்ட் வாங்கி, ஓட்ட ஆளின்றி நிறுத்தி வைத்திருந்தார். கசகசாக் கதை அவரையும் எட்டியிருந்தது.

"பாவம், குழம்பால வேலை போச்சாமே. நீ வா தம்பி" என்று தொலைபேசியில் சொன்னார். "வெளிநாட்டுக்காரங்க ஆடிட்டுக்கு வருவாக. பழைய வேலை ஏன் போச்சுன்னு ஃபைல்ல ஒரு லெட்டர் இருக்கணும். கசகசான்னு எழுதிக் கொண்டா. அது போதும்."

அண்ணனின் உரிமத்துக்கு எங்கள் பக்கத்தில் கிடைத்த ஒரே வண்டி அதுதான். அது கைவிட்டுப் போனால் அவன் மீண்டும் ஓசூர் போன்ற ஓர் ஊருக்கு, அதே போன்ற ஓர் அறைக்குத் திரும்ப வேண்டும். நாங்கள் இருவரும் அதைப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது அது மேசைமேல் இருந்தது.

நான் இரண்டு கடிதங்கள் எழுதினேன். முதலாவது என் திறமையின் உச்சம் என்றே இன்றும் கருதுகிறேன். "எங்கள் வீட்டுக் குருமாவில் கசகசா சேர்ப்பது வழக்கம். கசகசா சேர்ந்த உணவு இத்தகைய சோதனைகளைப் பாதிக்கக்கூடும். சோதனைக்கு முந்தைய ஞாயிறன்று நான் அக்குருமாவை உண்டேன்." மூன்று வாக்கியங்களும் உண்மை. பொய்யை நான் எழுதவே இல்லை. அதைப் படிப்பவர் தாமே செய்துகொள்வார். இரண்டாவது கடிதம் நான்கு வரி. அதில் அழகு எதுவும் இல்லை. கஞ்சா பயன்படுத்தினேன், அதனால் நீக்கப்பட்டேன், நிறுத்திவிட்டேன், எப்போது வேண்டுமானாலும் சோதிக்கலாம்.

அண்ணன் முதல் கடிதத்தைப் படித்தான்.

"நல்லா எழுதியிருக்க புள்ள. இதைப் படிச்சா எனக்கே எம்மேல பரிதாபமா இருக்கு."

பிறகு இரண்டாவதைப் படித்தான்.

"இதுல ஒரு வரி சேரு" என்றான். "எங்க அம்மா வச்ச குருமாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு."

"வேலை போயிரும்."

"ஊரே சப்புன்னு தின்னுச்சு புள்ள. இதுக்கு மேல முடியல."

பேக்கிங் ஹவுஸ் அலுவலகத்தில் அக்கா கண்ணாடி அணிந்து கடிதத்தைப் படித்தார். ஐந்து வரிதான். ஆனால் ஒரு கட்டுரையைப் படிக்கும் நேரம் எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணி இருந்தது. ஆணியில் ஃபோர்க்லிஃப்ட் சாவி தொங்கியது. நாங்கள் இருவரும் அவரைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"யாரு எழுதுனது?"

"தங்கச்சி."

"அப்ப கசகசா?"

"இல்லக்கா."

"எங்க வீட்டுல கசகசாவை நிறுத்தி ஒரு மாசமாச்சு, தெரியுமா? தெனமும் சோத்துல கைய வைக்கிறப்ப எங்க வீட்டுக்காரர் என்னையப் பாக்குற பார்வை இருக்கே." கண்ணாடியைக் கழற்றினார். "கசகசான்னு எழுதியிருந்தா இந்நேரம் சாவியக் குடுத்திருப்பேன்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுக்கிட்டா எழுதுன? கிறுக்குப் பய." பிறகு என்னைப் பார்த்தார். "நீயாச்சும் சொல்லக் கூடாதா?"

"முதலில் வேறு மாதிரிதான் எழுதியிருந்தேன்" என்றேன். பதற்றத்தில் எனக்கு எழுத்துத் தமிழ்தான் வரும்.

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பில்லாமல் நிபந்தனைகளைச் சொன்னார். "வண்டி இப்பக் கெடையாது. தொட்டியில சீப்பு கழுவு. மூணு மாசம். மாசத்துக்கு ஒரு டெஸ்ட். மூணும் சுத்தமா வந்தா சாவிக்கு வா. ஒண்ணு தப்புனாலும் கேட்டுக்கு வெளிய நிக்கணும்."

தாரிலிருந்து வெட்டிய வாழைச் சீப்புகளைப் படிகாரத் தண்ணீரில் கழுவிப் பால் கறையைப் போக்குவதுதான் தொட்டி வேலை. அங்கே நிற்பவர்கள் எல்லோரும் பெண்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் என்று வந்தவன் முழங்கை வரை நனைந்து நிற்பதில் அவர்களுக்கு அளவற்ற மகிழ்ச்சி. "ஏலே தம்பி, லைசன்ஸை வெளிய வைக்காத, நனைஞ்சிரும்" என்பது அவர்களுடைய அன்றாட வணக்கமாயிற்று.

அம்மாவிடம் அந்தச் சனிக்கிழமையே அண்ணன் சொன்னான். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவல் நின்றது.

"இப்பவும் இருக்கா?"

"இல்லம்மா."

"சத்தியமா?"

"மாசாமாசம் டெஸ்ட் எடுப்பாகம்மா. அது பொய் சொல்லாது."

அம்மா துருவிய தேங்காயைக் கிண்ணத்தில் வழித்துப் போட்டார். பிறகு வந்த சொற்கள் நாங்கள் எதிர்பார்த்தவையாக இல்லை. "அப்ப என் குருமா மேல ஒரு தப்பும் இல்ல. ஊரைக் கூட்டி என் குருமாவை நானே கேவலப்படுத்திருக்கேன். அதைப் பாத்துக்கிட்டு வாளியத் தூக்கிட்டு நின்னிருக்க."

அன்றிரவு அண்ணனுடன் பேசவில்லை. மறுநாள் பூசைக்குப் பின், இழந்த மாதங்களையும் சேர்த்து ஈடுசெய்யும் அளவில் கசகசா அரைத்துக் குருமா வைத்தார். வாசனை தெருமுனை வரை போனது. அண்ணனின் தட்டில் கரண்டி இறங்கும் வேளையில், திங்கட்கிழமைச் சோதனைக்காகப் பரிசோதனை நிலையம் தந்திருந்த தாளை நான் எதேச்சையாகப் படித்தேன். பழக்கதோஷம். கடைசி வரி சிறிய எழுத்தில் இருந்தது. சோதனைக்கு முந்தைய மூன்று நாட்கள் கசகசா சேர்ந்த உணவைத் தவிர்க்கவும்.

சத்தமாகப் படித்தேன். அண்ணன் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அம்மா என்னிடமிருந்து தாளை வாங்கி, அந்த வரிமேல் விரல் வைத்துத் தாமே ஒருமுறை படித்தார். அவர் முகத்தில் பல வாரங்களாக நான் காணாத ஒளி வந்தது.

"நான் சொன்னேன்ல" என்றார்.

அண்ணன் ரசம் ஊற்றிச் சாப்பிட்டான்.

அம்மா அடுத்த அன்பியக் கூட்டத்தில் முழு உண்மையையும் சொன்னார். மகன் தவறு செய்தான், குருமா செய்யவில்லை, ஆனால் சோதனைக்கு முன் கசகசா கூடாது என்பது தாளிலேயே இருக்கிறது. தெரு இதில் கடைசிப் பகுதியை மட்டும் ஏற்றுக்கொண்டது. கடைக்காரர் என்னைக் கண்டால் இப்போது பெருமூச்சு மட்டும் விடுகிறார்.

மூன்று அறிக்கைகளையும் நான்தான் வரி வரியாக வாசித்தேன். மூன்றிலும் எல்லா வரிகளும் வெறுமையாக இருந்தன. இவ்வளவு குறைவாகச் சொல்லி இவ்வளவு மகிழ்ச்சி தந்த பிரதியை நான் படித்ததில்லை. அக்கா ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். தொட்டிப் பெண்கள் ஈரக் கையோடு வந்து நிற்க, அண்ணன் முதல் பெட்டி அடுக்கைத் தூக்கிக் குளிர் அறைக்குள் வைத்துவிட்டு, தேவையே இல்லாமல் ஹார்ன் அடித்தபடி வண்டியைப் பின்னோக்கி ஓட்டி வந்தான்.

அந்த ஞாயிறு அம்மா கசகசாக் குருமா வைத்தார். அண்ணன் இரண்டாம் முறையும் கேட்டான். அம்மா கரண்டியை எடுத்தார்.

"அடுத்த டெஸ்ட் எப்பலே?"

"இனிமே தேதி சொல்ல மாட்டாகளாம்மா. திடீர்னு ஒரு நாள் எடுப்பாகளாம்."

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"ஊத்தும்மா" என்றான் அண்ணன். "தாள்ல ஏதாச்சும் வந்தா கசகசான்னு சொல்லிக்கிறேன். இந்தத் தடவ நெசமாத்தான இருக்கும்."