உப்புத் தண்ணீர் வரும் வீடு தேவை

கலர் மீன் தொழிலில் இரண்டு வகை ஆட்கள் உண்டு: தொட்டியைக் காட்டிச் சிரிக்கிறவர்கள் ஒரு வகை, கையைக் காட்டிக் காயத்துக்குக் காரணம் சொல்கிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. சிக்லிட் என்கிற சண்டைக்கார மீன் வளர்க்கும் என் சகோதர சகோதரிகளே, உங்கள் விரலிலும் தழும்பு இருக்கும், உங்கள் வீட்டிலும் "தங்கமீன் வளர்த்தா ஆகாதா?" என்று கேட்க ஓர் ஆள் இருப்பார். ஆகாது என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் ஒரே தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன்.

வீடு பார்த்த கதை

ஓசூர் பக்கம் மத்திகிரியில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "நல்ல தண்ணியா?" நானும் அதைத்தான் கேட்டேன். "ஆமா, நல்ல தண்ணி" என்று பதில் வந்த வீடுகளையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜாகுவார், டெக்ஸாஸ் மாதிரி முரட்டு சிக்லிட்டுகளுக்கு உப்புப் படிகிற கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். அதில்தான் நிறம் ஏறும், முட்டையும் நன்றாகப் பொரியும். புரோக்கருக்கு என்னைப் பார்த்தால் பயம் வந்துவிட்டது. என் கணவர் அமல்ராஜ் வெட்கப்பட்டுக்கொண்டு பைக்கை விட்டே இறங்கவில்லை.

கடைசியாகப் பார்த்த வீட்டில் பாத்ரூம் குழாய் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருந்தது. வீட்டுக்காரர் முனிரத்தினம்மா பக்கத்து வீட்டிலேயே குடியிருப்பவர். அவர் முந்தானையால் அந்த வெள்ளையை அவசரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கை தண்ணீர் பிடித்துக் குடித்துப் பார்த்தேன். நாக்கு மரத்துப் போனது. இன்றைக்கே அட்வான்ஸ் தருகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், வாசலில் இருந்த அமல்ராஜைப் பார்த்தார், மெதுவாகச் சொன்னார்:

"தண்ணி சரியில்லைன்னு காலி பண்ணிட்டுப் போனவங்களத்தான் பாத்திருக்கறன். தண்ணிக்காகவே குடி வர்றது நீ ஒருத்திதாம்மா."

ராசி மீன்

பாகலூர் ரோட்டில் பிளாட் விற்கிற ஒருவர் ஃப்ளவர்ஹார்ன் கேட்டு வந்தார். நெற்றி புடைத்த மீன் ஆபீஸில் இருந்தால் வியாபாரம் பெருகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ராசி பற்றி எனக்குத் தெரியாது, ஒரு தொட்டிக்கு ஒரு மீன்தான் என்பது மட்டும் தெரியும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு வாங்கிப் போனார். போனவர் என் பேச்சைக் கேட்காமல், ஏற்கனவே ஆபீஸில் இருந்த அழகான சின்ன மீன்களோடு சேர்த்து விட்டிருக்கிறார்.

அடுத்த வாரமே திரும்பி வந்தார். மீனைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்வார் என்று நினைத்து, முடியாது என்று சொல்லத் தயாராக இடுப்பில் கை வைத்து நின்றேன். அவர் கேட்டது தீனி மட்டும்தான். குரல் இறங்கியிருந்தது.

"மேடம், இருந்த மீனையெல்லாம் காலி பண்ணிடுச்சு. இப்ப நான் உள்ள போனா, நான்தான் அதுங்கிட்ட வாடகைக்கு இருக்கற மாதிரி பாக்குது."

மேனேஜரும் யூனியனும்

என்னிடம் இருப்பதிலேயே பெரிய மீன் ஓர் ஆண் ஜாகுவார். முழங்கை நீளம், உடம்பெல்லாம் கரும்புள்ளி. யார் அறைக்குள் வந்தாலும் கண்ணாடி வரை வந்து முறைக்கும். ஓசூர் கம்பெனியில் நான் வேலை பார்த்த பழக்கத்தில் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தேன். மேனேஜரோடு விட்ட பெண் மீன்கள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. கடைசியாக வாங்கிய பெண் அவனில் பாதி அளவுதான், ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் வாயைத் திறந்தால் இவளும் திறந்தாள். இவளுக்கு யூனியன் என்று பெயர் வைத்தேன்.

ஜோடி சேர்க்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. தொட்டிக்கு நடுவில் பிளாஸ்டிக் தடுப்பு வைத்து, அதில் பெண் மீன் நுழைகிற அளவுக்கு மட்டும் ஓர் ஓட்டை போட வேண்டும். அவளுக்குத் தோன்றினால் அவன் பக்கம் போவாள், அவன் சரியில்லை என்றால் திரும்பி வந்துவிடுவாள். அவன் எவ்வளவு குதித்தாலும் இந்தப் பக்கம் வர முடியாது. எதிர்வீட்டு சரசு, ஏற்றுமதி துணிக் கம்பெனியில் தைக்கிறவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். யூனியன் போனதையும், மேனேஜர் பாய்ந்ததையும், அவள் ஓட்டை வழியாக நழுவி வந்துவிட்டதையும், அவன் தடுப்பில் முட்டிக்கொண்டதையும் பார்த்தாள். நான் ஏதோ கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இந்த மாதிரி ஒரு கதவு எங்க வூட்டுக்கும் போட்டுக் குடுக்கா."

ஃபாதர் வந்தார்

வீடு மந்திரிக்கப் பங்குச் சாமியார் வந்தார். அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துவிட்டு, முன் அறையில் என் தொட்டிகளைப் பார்த்துத் தயங்கினார். இதுவும் இந்த வீட்டில்தானே இருக்கிறது, தெளியுங்கள் ஃபாதர் என்றேன். நாலு சொட்டு விழுந்ததும் தீனி என்று நினைத்து மேனேஜர் மேலே பாய்ந்ததில், தெளித்ததைவிட அதிகத் தண்ணீர் அவர் அங்கியில் விழுந்தது. அமல்ராஜ் துண்டு தேடி ஓடினார். ஃபாதர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நம்ம பங்குல ஜெபம்னதும் இவ்ளோ வேகமா முன்னால வர்றது இது ஒண்ணுதாம்மா."

குழாய் வந்தது

எங்கள் தெருவுக்கு ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வந்த அன்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தேங்காய் உடைத்தார்கள். எனக்கு மட்டும் முகம் சரியில்லை. அந்தத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது. வந்தாலும் பிளீச்சிங் பவுடர் வாசனையோடு வரும், குஞ்சு மீனுக்கு அது விஷம். நம் வீட்டில்தான் போர்வெல் இருக்கிறதே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை முனிரத்தினம்மாவின் மகன் மஞ்சுநாத் பெங்களூரிலிருந்து வந்தார். போர்வெல் ரோட்டை ஒட்டி இருக்கிறது, அதை மூடிவிட்டு அந்த இடத்தில் கடை கட்டப் போகிறேன் என்றார். எனக்கு அது தோதுப்படாது என்றால் மாதக் கடைசியில் காலி செய்துவிட வேண்டுமாம். அப்போதுதான் மேனேஜரும் யூனியனும் ஒரு வழியாகச் சமாதானமாகி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்திருந்தன. ஜாகுவார் ஜோடிக்குப் பிள்ளைப் பாசம் அதிகம். ஆனால் குஞ்சு இருக்கும்போது தொட்டியை நகர்த்தினால், பயத்தில் தாயும் தகப்பனுமே குஞ்சுகளை விழுங்கிவிடும். இதை அவரிடம் விளக்கினேன். குஞ்சுகள் தனியாக நீந்திப் பழகும் வரை போரை மூடாதீர்கள் என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அக்கா, நான் வீடு வுட்டது உங்களுக்கு. உங்க மீனுக்கு இல்ல."

அமல்ராஜ் கேட்ட கேள்வி

மஞ்சுநாத் போனதும் அமல்ராஜ், வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம், சண்டை எதற்கு என்றார். நல்ல மனிதர். ஷிப்ட் முடிந்து வந்தால் தொட்டி கழுவக் கூட நிற்பார். ஆனால் யார் குரலை உயர்த்தினாலும் அவருக்கு ஆகாது. நான் நகர மாட்டேன் என்றேன். தொட்டி நகராது, மீன் நகராது, நானும் நகர மாட்டேன், போரை மூடுகிறவன் என்னைத் தாண்டித்தான் மூட வேண்டும் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

அதற்கு அவர் கேட்ட கேள்வி புரிய வேண்டுமானால் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பெனியில் நான் இன்ஸ்பெக்‌ஷன் லைனில் இருந்தவள். கண் பார்த்ததைக் கை எடுத்து வைக்கும், அவ்வளவு வேகம். ஒரு நாள் ஷிப்ட் தொடங்கும்போது கூப்பிட்டு, காண்டிராக்ட் முடிந்தது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். ஏன் என்றுகூட நான் கேட்கவில்லை. அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு கேட்டைத் தாண்டி வந்தேன். அதற்குப் பிறகுதான் மீன் வந்தது, தொட்டிகள் வந்தன, என்னைத் தேடி ஆட்கள் வந்தார்கள். இந்த அறையும் போனால் நான் மறுபடி அந்த கேட்டுக்கு வெளியே நிற்கிறவள்தான். அமல்ராஜுக்கு அது தெரியும். தெரிந்துதான் கேட்டார்:

"இந்த வாயி அன்னிக்கி எங்க போச்சு ஸ்டெல்லா?"

கை விட்டவர்

அடுத்த வாரம் மஞ்சுநாத் மறுபடி வந்தார். முன் அறைக்கு வந்து, எங்கே அந்தக் குஞ்சு என்று கேட்டார். காட்டினேன். யூனியனின் வயிற்றுக்குக் கீழே தூசி மாதிரி ஒரு கூட்டம் மிதந்துகொண்டிருந்தது. தொட்டிக்குள் கை விடாதீர்கள் என்று சொன்னேன். சிக்லிட் வளர்க்கும் உங்களுக்குத் தெரியும், அப்படிச் சொன்னால் கை விடாத ஆம்பளை இன்னும் பிறக்கவில்லை. இதைத் தூக்கி ஒரு பக்கெட்டில் போட்டால் முடிந்தது கதை என்று காட்டுவதற்காக, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே விட்டார்.

தடுப்பை நான் இன்னும் எடுக்கவில்லை, குஞ்சுகளோடு யூனியன் தன் பக்கம் வந்துவிட்டிருந்தாள். மேனேஜர் தடுப்புக்கு அந்தப் பக்கம் முறைத்ததோடு சரி. வந்தவள் யூனியன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதையைப் பிடித்தாள், அவர் கையை மேலே தூக்கிய பிறகும் கொஞ்சம் தொங்கிவிட்டுத்தான் விழுந்தாள். அவருக்குத் தமிழ் மறந்து "அய்யோ தேவுடா" என்று வீட்டுத் தெலுங்கு வந்துவிட்டது. எனக்குப் பாவமாக இல்லை என்று சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது. பஞ்சும் மருந்தும் எடுத்து வந்து நானே கட்டுப் போட்டேன். மகனின் சத்தம் கேட்டு வந்த முனிரத்தினம்மா கையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார்.

"புள்ள பெத்தவகிட்ட போய்க் கைய நீட்டுவாங்களாடா?"

வீடு காட்டும் படலம்

ஆனாலும் மஞ்சுநாத் விடவில்லை. நாங்கள் இருக்கும்போதே புது ஆட்களைக் கூட்டி வந்து வீட்டைக் காட்டத் தொடங்கினார். குடியிருக்கிறவள் அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது, அந்நியர்கள் படுக்கையறை அளவு பார்ப்பது எவ்வளவு எரிச்சல் என்று வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் யாரையும் தடுக்கவில்லை. உட்காரச் சொன்னேன், காபியும் கொடுத்தேன். வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இரண்டு கேள்வி கேட்டார்கள். குழாயில் தண்ணீர் எப்போது வரும்? வராத நாளில் போர் இருக்கிறதா? நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். குழாய் வந்தால் வரும், வராவிட்டால் வராது. போர் இருக்கிறது, அதை மூடத்தான் எங்களைப் போகச் சொல்கிறார்கள்.

இதைக் கேட்டதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவர்களே அதிகம். உப்புத் தண்ணீரை ஊரே திட்டும், ஆனால் துணி துவைக்கவும் கக்கூஸுக்கு ஊற்றவும் அது இல்லாத வீட்டுக்கு யாரும் குடிவர மாட்டார்கள். இது மஞ்சுநாத்துக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவர் இந்த வீட்டில் ஒரு நாளும் தண்ணீர் பிடித்ததில்லை. கடைசியாக வந்தவர் திருநெல்வேலிக்காரர், எங்கள் ஊர்க் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர். தடுப்பில் முட்டிக்கொண்டிருந்த மேனேஜரைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு மஞ்சுநாத்திடம் திரும்பினார்.

"தண்ணிக்குள்ள கெடக்கிற மீனே இப்பிடி அடிச்சுக்கிடுதே, நீங்க தண்ணியே இல்லாத வீட்ல ஒரு குடும்பத்த விட்டா என்னவே ஆகும்?"

மாதக் கடைசி

மாதக் கடைசி வந்தது. நான் ஒரு சாமானைக்கூடக் கட்டவில்லை. குஞ்சுகள் பொட்டு அளவுக்கு வளர்ந்து, தாயை விட்டு விலகி, ஒன்றையொன்று கடிக்க ஆரம்பித்திருந்தன. அந்த வயதில் அதைவிட நல்ல செய்தி எங்கள் தொழிலில் இல்லை. மஞ்சுநாத் வந்து வாசலிலேயே நின்றார். முன் அறைக்குள் வரவில்லை. கடையைப் பக்கவாட்டில் கட்டிக்கொள்கிறேன், போர் இருக்கட்டும், நீங்களும் இருங்கள் என்றார். நான் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அமல்ராஜ் கண்ணைக் காட்டினார், அப்போதும் சொல்லவில்லை. என் இடத்தில் நான் இருப்பதற்கு எதற்கு நன்றி? மஞ்சுநாத் படி இறங்கப் போனவர் நின்று, கையில் இருந்த தழும்பைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"அக்கா, உங்க மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க, எனக்கும் அவருக்கும் ஒண்ணும் இல்லன்னு."

கடித்தது மேனேஜர் இல்லை, யூனியன் என்று திருத்தி அனுப்பினேன். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று மூடிக்கொண்டிருந்தேன், வேலை போய்விட்டது. வாயைத் திறந்தால் வீடு போய்விடும் என்றார்கள், திறந்தேன், வீடு இருக்கிறது, குழாயைத் திறந்தால் உப்பும் வருகிறது.