மேடைக் கல்யாணம்

என் கல்யாணத்துக்கு இரண்டு கட்சி இருந்தது. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று எல்லாக் கல்யாணத்திலும் இரண்டு கட்சி இருக்கத்தான் செய்யும், அதைச் சொல்லவில்லை. இது கல்யாணமே இல்லை என்று ஒரு கட்சி, உலகத்திலேயே இதுதான் கல்யாணம் என்று இன்னொரு கட்சி. நடுவில் நான் ஒருத்தி, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேட்டூரில் அணை கட்டி முடித்த சமயம் அது. ஜலகண்டாபுரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தறிதான். அப்பா காலமாகிவிட்டதால் அண்ணன்தான் வீட்டுக்குப் பெரியவன். பகலெல்லாம் தறிக்குழியில் இருப்பான், பொழுது சாய்ந்தால் கூட்டத்துக்குப் போய்விடுவான். அந்த நாளில் எங்கள் ஊரில் கூட்டம் இல்லாத சாயங்காலமே கிடையாது. மாரியம்மன் கோயில் முன்னால் ஒரு பேச்சு, சந்தை முக்கில் அதற்கு மறுப்பு. கல்யாணத்துக்கு ஐயர் வேண்டுமா, தாலி வேண்டுமா, பெண்ணை எந்த வயதில் கட்டிக் கொடுப்பது, புருஷன் செத்தவள் மறுபடி கட்டலாமா என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். கத்துவதெல்லாம் ஆம்பிளைகள். பேச்செல்லாம் பொம்பிளைகளைப் பற்றி.

அண்ணன், ஐயரும் வேண்டாம் தாலியும் வேண்டாம் என்கிற சந்தை முக்குக் கட்சி. ஒருநாள் அவன் பேசிக்கொண்டிருக்கும்போது கூட்டத்திலிருந்து யாரோ, “ஊருக்குத்தானா உபதேசம்? உன்ற ஊட்டுல செய்வியா?” என்று கேட்டிருக்கிறார்கள். இவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “என்ற தங்கச்சி கல்யாணமே அப்பிடித்தான், தாலி இல்லாம, நம்ம தெருவுலயே. வந்து பாருங்கொ! கேள்வி கேக்கறவிய அங்க வந்து கேளுங்கொ!” என்று மார் தட்டிவிட்டு வந்து, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுப் படுத்துவிட்டான்.

எனக்கு அது மறுநாள் காலையில் கிணற்றடியில்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, “ஏம் அம்மிணி, உனக்குத் தாலி கெடையாதாமா?” என்றாள். என்ன பேச்சு இது என்று முழித்தேன். சந்தை முக்கில் அண்ணன் பேசியதை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். தண்ணீரை எடுத்தேனா, விட்டுவிட்டு வந்தேனா, நினைவில்லை.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். “நாலு பேரு என்ன பேசுவாங்க, எனக்கு அந்த வெசனமே சோறு எறங்க உடாதுடா சாமி” என்றாள். அண்ணன் அசையவில்லை. மேடையில் சொன்ன வார்த்தையை இறங்கி வந்து மாற்றினால் மீசையை எடுத்துவிட வேண்டியதுதானாம். அவன் மீசைக்கு என் கழுத்து.

அம்மாவின் பயம் வெறும் பயம் இல்லை. விடிகாலையில் தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுவது தனி வீட்டு வேலை இல்லை. அக்கம்பக்கத்தார் இரண்டு பக்கமும் நின்று, கஞ்சி காய்வதற்குள் குச்சம் என்கிற தூரிகையால் இழை இழையாக நீவிவிட வேண்டும். இன்றைக்கு அவர்கள் நமக்கு, நாளைக்கு நாம் அவர்களுக்கு. அதுதான் தெரு. கல்யாணச் செய்தி பரவிய வாரம் நாங்கள் பாவு நீட்டியபோது பாதிப் பேர் வரவில்லை. கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள். அம்மாவும் நானும் அண்ணனும் குச்சத்தை வைத்துக்கொண்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடினோம். வெயில் ஏறியது, கஞ்சி இறுகி இழையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போனது. கல்யாணத்துக்கு முன்பே இப்படி என்றால் அப்புறம் இந்த வீடு எப்படிப் பிழைக்கும்?

எனக்கு அதற்கும் மேலே ஒரு பயம். எடப்பாடி ரோட்டுப் பக்கம் ஒரு அம்மாள் ஒருவரோடு தாலி இல்லாமல் குடித்தனம் நடத்தினாள். நல்ல மனுஷி. ஆனால் விசேஷ வீட்டில் அவளுக்குக் குங்குமம் நீட்ட மாட்டார்கள். தட்டு அவளைத் தாண்டிப் போகும். அவள் வேறெங்கோ பார்ப்பதுபோல் இருப்பாள். அந்தத் தட்டு என்னைத் தாண்டிப் போவதை நான் அந்த நாட்களில் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை எடப்பாடிக்காரர், அவரும் நெசவுதான். பெண்ணும் மாப்பிள்ளையும் முதலில் பேசிப் பழக வேண்டும், அதுதான் முற்போக்கு என்று அண்ணன் அவரை ஒருநாள் வீட்டுக்கு அழைத்து வந்தான். வந்தவரை உட்காரவைத்து, என்னையும் எதிரில் உட்காரவைத்து, நடுவில் தான் உட்கார்ந்துகொண்டான். பெண்களுக்குப் பேச்சுச் சுதந்திரம் வேண்டும் என்று அவன்தான் கடைசி வரை பேசினான். நான் சுவரைப் பார்த்தேன். அவர் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, கடித்தால் சத்தம் கேட்குமே என்று கடிக்காமலே இருந்தார். போகும்போது, “வாரேனுங்க” என்றார். அந்த ஒரு சொல்லுக்குள் மனுஷன் எப்படி என்று நான் என்னத்தைக் கண்டேன்!

கல்யாணத்தன்று தெருவை அடைத்துப் பந்தல், பலகை அடுக்கி மேடை. மேடையில் நாற்காலி போட்டு எங்கள் இருவரையும் உட்காரவைத்தார்கள். சேலத்திலிருந்து பேச்சாளர் ஒருவர் வந்திருந்தார். அவர் பேசி முடித்ததும் எங்களை எழுப்பி, ஒருவரை ஒருவர் ஏற்கச் சம்மதமா என்று சபை அறியக் கேட்பார். நாங்கள் சம்மதம் சொல்லி மாலை மாற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் கல்யாணம். சொல்ல வேண்டிய வார்த்தையை அண்ணன் எனக்குப் பாடம்போல் சொல்லிக் கொடுத்திருந்தான். நாக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பேச்சாளர் நன்றாகத்தான் பேசினார். பெண் மாடு இல்லை, கயிற்றைக் கட்டி இழுத்துப் போவதற்கு என்றார். அவளுக்கும் மனசு உண்டு என்றார். ஜனங்கள் கை தட்டினார்கள். அப்போதுதான் எங்கள் தெருப் பெரியதனக்காரர் எழுந்தார். கோயில் காரியம், ஊர் வழக்கு எல்லாவற்றிலும் தெருவுக்காகப் பேசுகிறவர் அவர்.

“ஏனுங்க, தாலியும் வேண்டாம், சாமி சாட்சியும் வேண்டாம்னீங்க. சரி. நாளைக்கு இந்தப் பையனுக்கு மனசு மாறி வேற ஒருத்தியக் கூட்டியாந்துட்டா, இந்தப் புள்ள எந்தக் கோர்ட்டுல போயி நாந்தான் பொண்டாட்டினு சொல்லும்? இது வயித்துல பொறக்கறதுக்குப் பங்கு உண்டுன்னு எந்த ஜட்ஜு எழுதுவாரு?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளாக என் நெஞ்சுக்குள் கிடந்த கேள்வி அது! எதிர்க்கட்சிக்காரர் வாயிலிருந்து வருகிறதே என்று இருந்தது. பதிலுக்காகப் பேச்சாளர் முகத்தையே பார்த்தேன்.

“தாலி கட்டினவனெல்லாம் ஓடிப்போகாமலா இருக்கிறான்?” என்றார் அவர்.

கைதட்டலில் பந்தலே அதிர்ந்தது. அவர் சொன்னதும் பொய்யில்லை; என் பெரியம்மாவுக்கு ஊரறியத் தாலி கட்டியவர்தான் சொல்லாமல் கொள்ளாமல் பினாங்குக்குக் கப்பல் ஏறிப் போனார். ஆனால் அது பெரியதனக்காரருக்குச் சூடு கொடுத்ததே தவிர எனக்குப் பதில் சொல்லவில்லை. பெரியதனக்காரர் விடுவாரா? மறுபடி எழுந்தார். பேச்சாளர் மறுபடி மடக்கினார். இரண்டு பக்கமும் ஆள் எழுந்து நின்றார்கள். எனக்குக் கல் எதுவும் வந்து விழுமோ என்று பயம். பக்கத்தில் மாப்பிள்ளை தலை குனிந்து தன் கைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உச்சி வெயிலில் பெரியதனக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “உங்ககிட்டப் பேச முடியாதுங்க” என்று வெளியேறினார். ஜெயித்துவிட்டோம் என்று எங்கள் கட்சி ஆர்ப்பரித்தது. அதே நேரம் சந்தை முக்கில் சேலம் பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் பேச்சாளருக்கு அன்றைக்கு வேறு வண்டி இல்லை. அவர், “மணமக்கள் வாழ்க!” என்று கையை உயர்த்தினார். அண்ணன் கண்ணில் தண்ணீரோடு ஓடிவந்து, தட்டில் இருந்த இரண்டு மாலையையும் எடுத்துப் பேச்சாளர் கழுத்தில் போட்டான். ஆளாளுக்கு அவரைத் தோளில் தூக்காத குறையாக பஸ்ஸுக்குக் கொண்டுபோனார்கள். மேடையில் நாங்கள் இரண்டு பேரும் காலித் தட்டும்தான் மிச்சம்.

எங்களுக்கு வைத்திருந்த மாலை அது. சம்மதமா என்று யாரும் கேட்கவும் இல்லை. ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. இலை போட்டாயிற்று, சாம்பார் வாளி நடந்தது, “கல்யாணம் அமோகமா நடந்துச்சு” என்று ஏப்பம் விட்டார்கள். நான் இலையைத் தொடாமலே மூடிவிட்டேன். கோயில் கட்சிக் கணக்கில்தான் இது கல்யாணம் இல்லை என்று இத்தனை நாள் பயந்தேன். இப்போது சந்தை முக்குக் கட்சிக் கணக்கிலும் இல்லையே! அப்படியானால் நான் யார்?

அம்மாவிடம் காதோடு சொன்னேன். அவள் கையிலிருந்த பாத்திரத்தை நழுவவிட்டு, “ஐயோ, அப்ப நீ யாரு ஊட்டுக்குடி போற?” என்றாள். அண்ணனை இழுத்துவந்து சொன்னோம். அவன் முகம் வெளிறிவிட்டது. ஆனால் வாய் அடங்கவில்லை. “அதுவும் ஒரு சடங்குதானே? ஊரே பாத்துச்சு. இப்ப வெளிய சொன்னா பெரியதனக்காரர் சிரிச்சே நம்மளக் கொன்னுபோடுவாரு. வாய மூடிட்டு வண்டியில ஏறு அம்மிணி.”

எடப்பாடி போக வாசலில் மாட்டுவண்டி நின்றது. பொழுது இறங்குவதற்குள் கிளம்ப வேண்டும். தெருவே வழியனுப்ப வந்து நின்றது; எதிர்க்கட்சியும் வேடிக்கை பார்க்கத் தூரத்தில் நின்றது. பெரியதனக்காரரும் இருந்தார். மாப்பிள்ளை மாட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். நான் வண்டிச் சக்கரம் வரைக்கும் போனேன். அதற்கு மேல் கால் எழவில்லை. ஏறிவிட்டால் அப்புறம் இதை யாரிடம் போய்ச் சொல்வேன்? எந்தக் கோர்ட்டில்?

“ஏறு” என்றான் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு.

“மாட்டேன்” என்றேன்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தூரத்தில் யாரோ கெக்கலித்தார்கள். அண்ணன், “மானத்த வாங்காத” என்று என் கையைப் பிடித்தான். நான் உதறிவிட்டேன். அப்போது மாப்பிள்ளை மாட்டை விட்டுவிட்டு என் பக்கம் வந்தார்.

“ஏனுங்க?” என்றார்.

“எங்கிட்ட யாருமே கேக்கலீங்க” என்றேன். அழுகையா ஆத்திரமா என்று எனக்கே தெரியவில்லை. “காலையில இருந்து எனக்காகவே பேசுனாங்க. என்னை ஒருத்தருங் கேக்கல.”

“எனக்கும் அதே ரோசனைதானுங்க மேடையில இருந்தே” என்றார். “நீங்க ஒண்ணுமே சொல்லல, அதனால உங்களுக்கு என்னப் புடிக்கலையாட்ட இருக்குது, பஸ்ஸு வந்ததும் நல்லதாப் போச்சுன்னு நெனைக்கிறீங்களோன்னு பயந்துபோயி இருந்துட்டனுங்க.” பிறகு நிமிர்ந்து, அத்தனை பேர் நடுவில் கேட்டார். “எங்கூட வர உங்களுக்குச் சம்மதமுங்களா?”

மனப்பாடம் பண்ணின பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் கேட்டது நான் வேறொன்று.

“மாட்டேன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?”

அண்ணன் ‘ஐயோ’ என்றான். அவருக்கு முகம் சிறுத்துப்போனது. தோள் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“வண்டியத் தனியா ஓட்டிட்டுப் போயிர்றனுங்க. கேக்கறவிய கிட்ட எனக்குத்தான் இஷ்டமில்லாமப் போச்சுன்னு சொல்லிக்கிறேன். உங்க பேருக்கு ஒண்ணும் வராம நாம் பாத்துக்கறனுங்க.”

அவர் சொன்னதை எந்தக் கோர்ட்டும் எழுதிவைக்காது. அது எனக்குத் தெரியும். அந்தப் பயம் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் பிறந்த பிறகும் அது என்னோடு இருந்தது. ஆனால் அன்றைக்கு என் பெயரைப் பற்றிக் கவலைப்பட்டவர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான்.

“சம்மதமுங்க” என்றேன்.

“சத்தமாச் சொல்லு அம்மிணி, எல்லாருக்கும் காதுல உழட்டும்!” என்று அண்ணன் கையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

“அவருக்கு உழுந்துருச்சு. நீ வழிய உடு” என்று சொல்லிவிட்டு நான் வண்டியில் ஏறினேன்.