கலையாத மை

அண்ணனின் முதல் வருஷத் திவசத்தன்று அண்ணியின் கன்னம் சுத்தமாக இருந்தது. பதினான்கு வருஷம் கழித்தும் அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் கன்னம்தான். சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கூடத்தில் அண்ணன் படத்துக்கு மாலை போட்டு, அவனுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் அவித்த முட்டையும் இலையில் வைத்துப் படைத்திருந்தோம். அம்மாவைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அண்ணி அதில் சேராமல் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் ஈரமாக இருந்தது. ஆனால் இமைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கறுத்து, மேல்நோக்கி வளைந்து நின்றது. கன்னத்தில் ஒரு கறுப்புக் கோடுகூட இறங்கவில்லை.

எனக்கு அப்போது மை என்றால் டப்பாவில் விரலால் தொட்டுக் கண்ணுக்குக் கீழே இழுப்பதுதான். கண் கலங்கினாலே அது வழிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய பெண் வீட்டுக்கு வந்து எவ்வளவு மறைத்தாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது ஒரு கணக்கு. கல்யாண வீட்டில் பெண்ணை அனுப்பும்போது நிஜமாக அழுதவள் யார், முந்தானையால் சும்மா மூக்கைத் தேய்த்தவள் யார் என்று கண்ணுக்குக் கீழே பார்த்தே சொல்லிவிடுவார்கள். அந்தக் கணக்கைத்தான் நான் அண்ணிக்குப் போட்டேன். புருஷன் போன வீட்டில், பூவும் பொட்டும் எடுத்த முகத்தில், மை மட்டும் எதற்கு என்று ஏற்கெனவே எனக்குள் புகைந்துகொண்டிருந்தது.

அண்ணி காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் வேலை பார்த்தாள். விடிந்ததும் கிளம்பி, உத்திரமேரூரில் பஸ் மாறி, பொழுது சாய்ந்து வீட்டுக்கு வருவாள். அன்றைக்கு முகூர்த்த சீசன் என்று அரைநாள்தான் லீவு கொடுத்திருந்தார்கள். மதிய பஸ்ஸில் வந்து இறங்கியவள் நேராகக் குழாயடிக்குப் போய் சோப்பு போட்டு முகம் கழுவினாள். கடைக்காக வைத்திருந்த பொட்டும் பூவும் வழியிலேயே போயிருந்தன. முகம் கழுவி உள்ளே வந்தவளின் கண்ணில் மை அப்படியே இருப்பதைப் பார்த்தேன். கழுவிவிட்டு மறுபடி தீட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்றுதான் என் புத்திக்குப் பட்டது.

என் வாய்க்கு எப்போதுமே பூட்டு கிடையாது. கட்டிக்கொடுத்த பதினோராம் மாதம் நான் பெட்டியோடு திரும்பி வந்தபோது அண்ணன் ஒரு கேள்வி கேட்கவில்லை. "இன்னாத்துக்கு வாசல்லயே நிக்கிற, உள்ள வா," என்றான். அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் நெல் மூட்டை ஏற்றிய வண்டி கவிழ்ந்து ஒரே நாளில் இல்லாமல் போனான். அந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன். ஒப்பாரி கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். "எங்கண்ணனுக்கோசரம் அழுதிருந்தா இந்நேரம் மை வழிஞ்சிருக்காதா? பாருங்க, கன்னம் எப்டி பளிச்சுனு கீது."

அண்ணி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். அந்த மௌனத்தையும் நாங்கள் அவளுக்கு எதிராகவே எழுதிக்கொண்டோம். ஒரு மாதம் அந்தப் பேச்சு தெருவில் சுற்றியது. அம்மாவுக்கு அது தலைக்கேறிவிட்டது. ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பியவளிடம், "நீ போறதுன்னா போய்க்கினே இரு. எம்புள்ள பெத்த புள்ள எங்க வூட்லதான் இருக்கும்," என்றாள். அண்ணியின் மகளுக்கு அப்போது ஐந்து வயது. குழந்தை என் இடுப்பில்தான் இருந்தது. அண்ணி கையை நீட்டினாள். நான் குழந்தையை இந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டேன். பெருநகர் கிராமத்திலிருந்து அண்ணியின் அப்பா பெரியவர்கள் நாலு பேரை அழைத்து வந்து பேசினார். காலையில் போய் இரவு வருகிறவள் குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று வந்த பெரியவர்களே எங்கள் பக்கம் பேசிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு அண்ணி காஞ்சிபுரத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு, வார லீவு நாளான செவ்வாய்க்கிழமை தோறும் வந்தாள். அம்மா வாசலைத் தாண்ட விடமாட்டாள். வேலிப் படலுக்கு வெளியே நின்று மகளோடு பேசிவிட்டுப் போவாள். இரண்டு வருஷம் ஒரு செவ்வாய் தவறவில்லை. குழந்தைக்கு ஏழு வயது ஆனபோது ஒரு நாள், அண்ணி அதற்கு ரிப்பன் வைத்துத் தலை பின்னிக்கொண்டு நின்ற அதே வேலியோரத்தில், அது தன் அம்மாவைப் பார்த்துக் கேட்டது. "எங்கப்பா செத்ததுக்கு நீ அழுவவே இல்லியாமே. மைகூட வழியலயாமே." என் வார்த்தை, என் இழுவை, அச்சு அசலாக இருந்தது. நான் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி குழந்தையின் தலையைத் தடவிவிட்டு, கொண்டுவந்த தின்பண்டப் பையை அதன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த செவ்வாய் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

பிள்ளை என்னிடமே வளர்ந்தாள். அத்தை என்று கூப்பிட்டாலும் ஜுரம் வந்தால் என் புடவையைத்தான் போர்த்திக்கொள்வாள். அவள் படிப்புக்காகவே நான் ஒரு தொழில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அவளுக்குப் பதினோரு வயதாகும்போது காஞ்சிபுரத்தில் ப்யூட்டிஷியன் கோர்ஸில் சேர்ந்தேன். மணப்பெண் அலங்காரம் சொல்லித்தரும் நாளில் டீச்சர் என்னைத்தான் நாற்காலியில் உட்காரவைத்தார். கண் தூங்கி வழிந்தால் இருபது வயதுக்காரியும் கிழவியாகத் தெரிவாள், இமையைத் தூக்கி நிறுத்தினால் நாற்பதும் இளசாகத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே மஸ்காரா குழலைத் திறந்தார். பிரஷ்ஷைக் குழலுக்குள் குத்திக் குத்தி எடுக்காதீர்கள், காற்றுப் புகுந்து காய்ந்துவிடும். குழலின் வாய் விளிம்பில் உபரியை வழித்துவிட்டு, கண்ணாடியைக் கீழே பிடித்துக்கொண்டு தாழப் பார்க்கச் சொல்லுங்கள். இமைமுடியின் அடியில் பிரஷ்ஷை வைத்து லேசாக அசைத்தபடி நுனிக்குக் கொண்டுபோங்கள். கீழ் இமைக்கு நுனி பட்டால் போதும். இரண்டு கண்ணும் முடிந்ததும் என் முகத்தில் தண்ணீரை வாரி அடித்தார். பெண்கள் சிரித்தார்கள். "கல்யாணப் பொண்ணு அழுவா இல்ல, அதான் வாட்டர்ப்ரூஃப். தண்ணில போவாது. எண்ணெ தொட்டுத்தான் எடுக்கணும்," என்று கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

ஈர முகம். கறுத்து நின்ற இமை. சுத்தமான கன்னம். கண்ணாடியில் அன்றைக்குச் சுவரோரம் உட்கார்ந்திருந்த முகத்தைத்தான் பார்த்தேன். அண்ணி தினமும் சாயந்திரம் வந்ததும் தேங்காயெண்ணெய் தொட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். அழகுக்குப் பராமரிப்பு நடக்கிறது என்று நான் முகத்தைச் சுளிப்பேன். திவசத்தன்று எண்ணெய் தேய்க்க அவளுக்கு நேரம் இல்லை. குழாய்த் தண்ணீருக்கும் சோப்புக்கும் போகாத மை கண்ணீருக்கு மட்டும் எப்படிப் போகும் என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. உறைக்க நான் விடவில்லை என்பதுதான் சரி.

அன்று மாலை வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் உடைந்துபோவாள் என்று ஒரு சாக்கு. பிள்ளை சின்னவள், படிப்பு கெடும் என்று இன்னொரு சாக்கு. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் பார்லர் வைத்தேன். நூற்றுக்கணக்கான பெண்களுக்கு அதே மையைப் போட்டு, அழுதாலும் கலையாது என்று என் வாயால் சொல்லி அனுப்பினேன். எட்டு வருஷம் ஓடிவிட்டது. அம்மாவும் இரண்டு வருஷத்துக்கு முன்பு போய்விட்டாள். பழியைப் பங்கு போட்டுக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

இந்த ஆனி மாதம் பிள்ளைக்கு ஒரு கம்பெனியில் இன்டர்வியூ வந்தது. வயது பத்தொன்பது. முதல் நாள் முழுக்கப் படித்து முகம் சோர்ந்திருந்தது. கொஞ்சம் ஃப்ரெஷ்ஷாகத் தெரியட்டும் என்று காலையில் மஸ்காராவோடு அவள் எதிரில் உட்கார்ந்தேன். அவள் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வாணாம் அத்த. அது எங்கம்மா போடுற சாமான்."

கோபமாகச் சொல்லவில்லை. பாகற்காய் பிடிக்காது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் என்னை வெட்டியது. அவளை இன்டர்வியூவுக்கு அனுப்பிவிட்டு, பார்லரைத் திறக்காமல் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன்.

அண்ணி அதே கடையில்தான் இருந்தாள், மாடியில், முகூர்த்தப் புடவைப் பிரிவில். நாற்பத்தொரு வயது. கடை யூனிஃபார்ம் புடவை, காதோரம் மல்லிகை, பொட்டு, கறுத்து நின்ற இமைகள். தெரியாதவர்கள் முப்பது என்பார்கள். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி கை நின்றது. பிறகு, "வாங்க, இன்னா கலர் பாக்கணும்?" என்றாள். பக்கத்தில் வேறு பெண்கள் இருந்தார்கள். நான் மாம்பழக் கலர் என்றேன். விரித்துப் போட்டாள். ஜரிகையைத் தடவிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "அண்ணி, அந்த மை தண்ணில கலையாதாமே. நான் தப்பா சொல்லிட்டேன், அண்ணி," என்றேன்.

அவள் நிமிராமல் புடவையின் மடிப்பை நீவினாள். "உத்திரமேரூர்ல பஸ் ஏறுனன்னா ஓரிக்கை பாலம் வர்ற வரைக்கும் அழுதுக்கினே வருவேன். பாலம் வந்தா மொகத்த தொடச்சிட்டு பூவும் பொட்டும் வெச்சிக்கினு இத்த போட்டுக்குவேன். முகூர்த்தப் பொடவ எடுக்க வர்றவங்க முன்னால அழுத மூஞ்சியோட நிக்கக்கூடாதுன்னு கடைல சொல்லிட்டாங்க. தாலி இல்லாதவன்னு தெரிஞ்சா மேல நிக்கவே வுடமாட்டாங்க. கூட வேல செய்ற பொண்ணுதான் இத்த வாங்கிக் குடுத்துச்சு." சொல்லிவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள். "ஒனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"எட்டு வருஷம் ஆவுது."

"புள்ளைக்கிட்ட சொன்னியா?"

"இல்ல அண்ணி."

புடவையை மடிக்க ஆரம்பித்தாள். நாலாக மடித்து, அட்டையை உள்ளே வைத்து, தட்டிச் சரிசெய்து, ஓரமாக வைத்தாள். "அப்போ எங்கிட்ட எதுக்கு வந்து சொல்ற? நான் அழுதது எனக்குத் தெரியாதா?" என்றாள். அதற்குள் ஒரு கல்யாண வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணி முகம் மலர்ந்து அவர்கள் பக்கம் திரும்பினாள். நான் படியிறங்கினேன்.

மன்னிப்புக் கேட்கப் போனதாகத்தான் பஸ்ஸில் போகும்போது நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது புரிந்தது. அவளிடம் சொன்னால் எனக்கு எதுவும் போகாது. யாரிடம் சொன்னால் எனக்குப் பிள்ளையே போய்விடுமோ, அவளை விட்டுவிட்டுச் சுற்றிப் போயிருக்கிறேன். இன்டர்வியூ நல்லபடியாக நடந்த சந்தோஷத்தில் பிள்ளை எனக்கும் சேர்த்து டீ போட்டு வைத்திருந்தாள். டீ ஆறும்வரை காத்திருந்தால் வாய் வராது என்று நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திவசத்தன்று நான் சொன்னது, கோர்ஸில் தெரிந்துகொண்டது, எட்டு வருஷம், ஓரிக்கைப் பாலம், எல்லாம்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏன் அத்த எங்கிட்ட சொல்லல?"

"நீ பூடுவேன்னுதான்."

"எங்கம்மாவுக்கு லீவு இன்னமும் செவ்வாக்கிழமதானா?"

ஆமாம் என்றேன், ஹாஸ்டல் இருக்கும் தெருவையும் சொன்னேன். மறுநாள் செவ்வாய். காலையில் குளித்துத் தலை பின்னிக்கொண்டு கிளம்பினாள். நானும் செருப்பைத் தேடினேன். "நீ வராத அத்த," என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் என்னோடு பேசியதே இல்லை. ஒரு பையில் இரண்டு சுடிதாரை மட்டும் எடுத்துக்கொண்டாள். இரண்டு சுடிதார் என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை.

சாயந்திரம் அரிசி களைய உட்கார்ந்தபோது ஒரு ஆளுக்கு அளப்பதா இரண்டு ஆளுக்கு அளப்பதா என்று கை நின்றது. இரண்டு ஆளுக்கே வடித்தேன். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் காலை நான் ஒருத்தியே சாப்பிட்டேன்.