பட்டினிப் பாத்தி

செய்தி வந்தபோது நான் வரம்பில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வயல் வட்டைக்குள் வாய்க்கால் மூலையில் மட்டும்தான் போன் எடுபடும். அதுவும் முகத்தை வாவிப் பக்கம் திருப்பி வைத்திருந்தால்தான். மூத்த மகள் பேசினாள்.

"அப்பா, மிஸ் மோசம் போயிட்டாவாம். கொழும்பு ஆஸ்பத்திரியிலயாம் உயிர் போனது."

"எந்த மிஸ்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரேயொரு மிஸ்தான். அது மகளுக்கும் தெரியும். வாவியில் வெயில் விழுந்து ஒரே வெள்ளையாகக் கிடந்தது.

பேராசிரியர் தங்கமலர் அவர்களின் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி அவருடைய மாணவர்கள் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். இந்த மலரில் எழுதும் மற்றவர்களுக்குப் பெயரின் பின்னால் பட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. என் பெயருக்குப் பின்னால் முற்றுப்புள்ளி மட்டும்தான். ஓ.எல். பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு நான் எடுத்த புள்ளியை என் நாலு பிள்ளைகளுக்கும் இன்றுவரை மறைத்து வைத்திருக்கிறேன். ஆனால் மிஸ்ஸின் ஆராய்ச்சியைக் கெடுத்தவன் என்ற தகுதி இந்த உலகத்தில் எனக்கு மட்டுமே உண்டு. அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

மிஸ் ஆரையம்பதியில் பிறந்தவர். உயிர் இரசாயனம் படித்து வெளிநாடு போய், முப்பது வருடம் ஒரே ஒரு விடயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டாசியம் உயிருள்ள கலத்துக்குள் எந்த வாசலால் போகிறது, எப்படிப் போகிறது என்பதுதான் அந்த விடயம். நெல்வேரில் இருக்கும் அந்த வாசலைத் தவளை முட்டைக்குள் உண்டாக்கி, அதில் ஓடும் மின்சாரத்தை அளந்தாராம். இதைக் கேட்ட என் மனைவி பாக்கியம் அவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள்.

"இம்மட்டுப் படிச்சிற்று தவளை முட்டையோடயா இருந்த நீங்க?"

"ஓம் அக்கா. பதினொரு வருசம். தவளைக்கும் என்னில பெரிய விருப்பமில்ல."

அவர் ஊருக்குத் திரும்பிப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கத் தொடங்கிய பிறகு, ஒருநாள் எங்கள் தேற்றாத்தீவுத் தோணித்துறைக்கு வந்தார். கையில் குடை, தோளில் ஒரு துணிப்பை.

"அக்கரையில உங்கட வட்டையில ஆகக் கெட்ட நிலம் ஆருட?" என்று கேட்டார். துறையில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என்னைக் காட்டினார்கள். எங்கள் ஊரில் அவ்வளவு ஒற்றுமையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

உண்மைதான். அப்பா விட்டுப்போன துண்டு வாவியை ஒட்டிக் கிடக்கிறது. வாவித் தண்ணீர் ஏறி இறங்கினால் உப்புப் படிந்து நிலம் வெளுத்துப்போகும். அதைப் பார்த்து மற்றவர்கள் தலையில் கைவைப்பார்கள். மிஸ் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, கடையில் சேலைத் துணியைத் தடவிப் பார்ப்பதுபோல் விரலால் தடவிப் பார்த்தார். "இதுதான் எனக்குத் தேவை" என்றார்.

அந்த மாரி முழுவதும் அவரைத் தோணியில் ஏற்றி இறக்கினேன். விடியற்பனியில் வாவிக்குக் கரை தெரியாது. நான் கம்பு ஊன்ற, அவர் தோணியின் முன்னணியத்தில் இருந்து பேசிக்கொண்டே வருவார். அந்தப் பேச்சுக்கு முன்னும் பின்னும் எதுவுமே இல்லாததுபோல் இருக்கும்.

"அண்ண, பொட்டாசியம் பெருசு. உப்பில இரிக்கிற சோடியம் சின்னது. வேர் வாசல்ல பெருசு போகுது, சின்னதால போக ஏலாது. ஏன் சொல்லுங்க பாப்பம்?"

"பெரிய ஆள் எண்டா எங்கயும் விடுவாங்கதானே மிஸ்."

அவர் சிரித்த சிரிப்பில் தோணி ஆடியது.

"இல்ல அண்ண. ரெண்டும் தண்ணிய உடுப்புப்போல உடுத்திருக்கு. உள்ள போறதெண்டா வாசல்ல அதைக் கழட்டோணும். பொட்டாசியத்த வாசல்ட சுவர், தண்ணி பிடிச்சிருந்த மாதிரியே பிடிச்சிக்கொள்ளும். அதுக்குக் குளிராது, கழட்டிப்போட்டுப் போயிரும். சோடியம் சின்னன், சுவர் அதுக்கு எட்டாது. கழட்டமாட்டன் எண்டு வெளியிலேயே நிக்கும்."

அன்று மத்தியானம் வயல் காவல் வாடியில் படுத்திருந்தேன். காற்று பயிரின்மேல் நடந்து போனது. கண் மூடியும் மூடாமலும் கிடந்தபோது, வட்டை முழுவதும் கோடி வாசல்கள் சத்தமில்லாமல் திறந்து மூடுவது எனக்குத் தெரிந்தது. நனைந்த உடுப்பைக் கரையில் போட்டுவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே யாரோ அவர்களைத் தாங்கிக்கொண்டார்கள். எழுந்தபோது தேநீர் ஆறிப்போயிருந்தது. இத்தனை வருடம் வேளாண்மை செய்தும் என் காலடியில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

மிஸ் பதினாறு பாத்தி போட்டார். எங்கள் பக்கத்துப் பழைய நெல்லினம் ஒன்றை விதைத்தார். எட்டுப் பாத்திக்குப் பொட்டாசியம் உள்ள பொட்டாஷ் பசளை உண்டு, எட்டுக்கு இல்லை. அந்த நெல்லின் வாசல்கள், உப்பு மண்ணில் கிடக்கும் கொஞ்சநஞ்சப் பொட்டாசியத்தையும் தேடிப் பிடித்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை.

"அண்ண, இந்த எட்டுக்கும் பொட்டாஷ் மட்டும் ஒரு மணிகூட விழப்படாது."

"பிள்ளையள் நாலுக்கும் மேல சத்தியம் மிஸ்" என்றேன். எதன்மேல் சத்தியம் செய்தேன் என்று பாருங்கள்.

ஒன்றரை மாதத்தில் அந்த எட்டும் மஞ்சளாகத் தொடங்கின. இலையின் ஓரம் நெருப்புப் பட்டதுபோல் கருகியது. வரம்புக்கு அந்தப் பக்கம் மற்ற எட்டும் வயிறு நிறைந்த பிள்ளைகளாக ஆடிக்கொண்டு நின்றன. நான் நாலு பிள்ளைக்குத் தகப்பன். ஒரு பிள்ளைக்குச் சோற்றைப் போட்டு மற்றதைப் பார்த்துக்கொண்டிருக்க வைத்தது கிடையாது. ஒரு கிழமை சுற்றிச்சுற்றி வந்தேன். மிஸ் வராத ஒருநாள், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பாத்திக்கு அரைச் சிரட்டை பொட்டாஷ் வீசினேன். பயிர் செத்துப்போனால் மிஸ்தானே கவலைப்படுவார் என்று வேறு நினைத்துக்கொண்டேன். பத்து நாள் கழித்து இன்னொரு தரம் வீசினேன்.

அறுவடை முடிந்து சில மாதங்களில் மிஸ் வீட்டுக்கு வந்தார். காத்தான்குடியில் வாங்கிய மஸ்கட் அல்வாப் பெட்டியை என் கையில் வைத்தார்.

"அண்ண, கணக்கெல்லாம் பாத்து முடிஞ்சிது, எட்டுப் பாத்தியும் நிமிர்ந்து நிண்டிரிக்கி! முட்டைக்குள்ள கண்ட வாசல் மண்ணுக்குள்ளயும் வேலை செய்யுது. முப்பது வருசம், அண்ண." அடுத்த மாதம் வெளிநாட்டில் அறிஞர் கூட்டமொன்றில் இதைப் பற்றிப் பேசப் போவதாகவும் சொன்னார். அவர் முகம் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளையின் முகம்போல் இருந்தது. அந்த முகத்துக்கு முன்னால் என் வாய் திறக்கவில்லை.

நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பாக்கியம் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சாருங்க, என்ன நடந்த?"

சொன்னேன். அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்த மனிசி பெரிய சபையில நிண்டு பொய் சொல்லப்போறா. பொய் எண்டு அவவுக்கே தெரியாது. சொல்ல வைக்கிற ஆள் இஞ்ச மஸ்கட் திண்டுட்டு இரிக்கார்!"

"நான் திங்கல்ல."

"அப்ப எழும்பிப் போய்ச் சொல்லுங்க."

மறுநாள் மிஸ் மண் எடுக்க வந்தார். வாவியின் நடுவில் கம்பை ஊன்றித் தோணியை நிறுத்தினேன். முழுவதையும் சொன்னேன். அவர் பையிலிருந்து கொப்பியை எடுத்தார்.

"எப்ப போட்டீங்க?"

"கதிர் குடலைக்கு வர முன்ன மிஸ்."

"எத்தின தரம்?"

"ரெண்டு."

"எவ்வளவு?"

"அரைச் சிரட்டை."

"எட்டுக்கும் ஒரே அளவா?"

"ஓம் மிஸ். ஆனா... வாவிப் பக்கம் ஒரு நோஞ்சான் நிண்டது. அதுக்குக் கொஞ்சம் கூட."

அதையும் எழுதினார். எழுதி முடித்துக் கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு இருந்தார்.

"எனக்குக் கோவம், அண்ண. அதை முதல்ல சொல்லிடுறன்."

"சரி மிஸ்."

"நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்கு ஒருநாளும் தெரிஞ்சிருக்காது. அதுதான் பயமாக் கிடக்கு."

கரை தட்டி இறங்கும்போது சொன்னார்: "பசிச்ச பாத்தி தன்ட வாயால கதைக்கோணும், அண்ண. அதைக் கேக்கத்தான் பட்டினி போட்டது. நீங்க அதுட வாய்க்குள்ள சோத்தத் திணிச்சிட்டீங்க."

கூட்டத்துக்கு அவர் போகவில்லை. முடிவைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அதில் என்ன எழுதினார் என்று ஆரையம்பதியில் இறுதிக்கிரியையின் போதுதான் மாணவி ஒருத்தி எனக்குச் சொன்னாள். என் பெயர் அதில் இல்லையாம். "பயிரைப் பார்த்தவருக்கு என்ன செய்யக்கூடாது என்று சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. பிழை என்னுடையது" என்று எழுதியிருந்தாராம். பந்தலில் அவ்வளவு சனத்துக்கு நடுவில் என் கண் கலங்கியது. பக்கத்தில் நின்றவர் உறவுக்காரன் என்று நினைத்து எனக்கு உட்காரக் கதிரை போட்டார். நானும் இருந்துவிட்டேன்.

அடுத்த மாரியில் மிஸ் மறுபடி அதே மண்ணில் விதைத்தார். வருவார் என்று நான் நினைத்திருக்கவில்லை. அந்தப் போகம் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பட்டினிப் பாத்தியில் ஐந்து விழுந்துபோயின. மூன்று நின்றன. மிஸ் அந்த மூன்றுக்கும் நடுவில் வரம்பில் குந்தியிருந்து இலைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"தோத்துப்போனமா மிஸ்?"

"தெரியாது, அண்ண. ஐஞ்சு ஒரு கதை சொல்லுது, மூண்டு இன்னொரு கதை சொல்லுது. இன்னொருக்காக் கேட்டுப்பாப்பம்." தெரியாது என்ற சொல்லை அவ்வளவு சந்தோசமாகச் சொன்ன வேறொருவரை நான் கண்டதில்லை.

இந்த மாரி விதைக்கும்போது அவர் மிகவும் மெலிந்திருந்தார். கேட்டால் "வயசு" என்றார். மருந்துக்குக் கொழும்பு போகும் அன்று தோணியில் திரும்பும்போது, "நான் நிண்டாலும் நிக்காட்டியும் நெல்லு விளையும். நீங்க கைவைக்காம இருந்தாச் சரி" என்றார். பனி விலகாத காலை அது. துறையில் இறங்கி, குடையை விரித்து, ரோட்டுப் பக்கம் நடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை. பனிக்குள் முதலில் அவர் மறைந்தார், பிறகு குடை மறைந்தது.

மிஸ், எட்டுப் பாத்தியும் இப்போது மஞ்சளாகிக்கொண்டு வருகின்றன. உங்கள் மாணவி தராசோடு அறுவடைக்கு வருகிறாள். அதுவரை என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லாதபடியால், மிச்சமிருந்த பொட்டாஷ் பையை மூத்த மகள் வீட்டில் கொண்டுபோய்ப் பூட்டிவைத்திருக்கிறேன். பூட்டின் திறப்பை அப்பா கேட்டாலும் கொடுக்காதே என்று பாக்கியம் அவளுக்குச் சொல்லிவைத்திருக்கிறாள். தினமும் காலையில் போய் வரம்பில் நிற்கிறேன். பார்க்கப் பாவமாக இருக்கிறது. நீங்கள் நினைத்ததைச் சொல்லப்போகின்றனவோ, வேறு ஒன்றைச் சொல்லப்போகின்றனவோ தெரியாது. எதைச் சொன்னாலும் இந்தமுறை அவை தம் சொந்த வாயால் சொல்லும்.

போய் வாருங்கள், மிஸ். நான் இங்கே கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.