மஞ்சள் காட்டிக்கொடுத்தது

இட ஒதுக்கீட்டு மறியலால் இன்று எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு தண்ணீர் லாரிதான் வந்தது. உடனே நான் நாட்டாமை ஆகிவிட்டேன். வீட்டில் போர்வெல் வைத்திருப்பவனுக்கு லாரியடியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள்.

"வூட்டுக்கு நாலு கொடம்தான். ஜாஸ்தி கெடையாது!"

சித்தாள் வேலைக்குப் போகும் செல்வி ஐந்தாவது குடத்தை நீட்டினாள்.

"மாமியா படுத்த படுக்கையா இருக்காங்கண்ணா. துணி அலசணும்."

"எல்லாருக்கும் ஒரே சட்டம்மா" என்று திருப்பி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்தால் கழிவறையில் வழக்கமான சலசலப்பு. ஆறு மாதமாக அதைக் காற்று என்றே சொல்லிவந்தேன். இன்று மனைவி, ஒழுகுகிறதா என்று பார்க்க, ஃப்ளஷ் தொட்டியில் மஞ்சள்தூளைக் கரைத்துவிட்டாள். யாரும் அழுத்தாமலே பீங்கானில் தண்ணீர் மஞ்சளாக வழிந்துகொண்டிருந்தது.

"அவ கேட்டது ஒரு கொடங்க. அங்க இன்னாத்தக் காவ காத்துக்கினு இருந்தீங்க?" என்றாள், வாசலிலிருந்து எல்லாம் பார்த்திருந்தவள்.

இரண்டு குடம் நிரப்பித் தூக்கிக்கொண்டு ஓடினேன். செல்வி அதற்குள் குடிக்க வைத்திருந்த தண்ணீரிலேயே துணியை அலசி முடித்திருந்தாள்.

"வச்சிட்டுப் போங்கண்ணா" என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை.

நாளை பிளம்பர் வருகிறார். நாட்டாமைப் பதவி காலி. ஆசைப்படுகிறவர்கள் முதலில் அவரவர் தொட்டியில் மஞ்சள் போட்டுப் பார்த்துவிட்டுக் கீழே கமெண்டில் சொல்லுங்கள்.