மைக்கேல் அண்ணனின் மஞ்சள் கண்கள்

போன செவ்வாய்க்கிழமை கிள்ளானில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு மைக்கேல் அண்ணன் வார்டில் கிடந்தார். துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். மலை மாதிரி ஆள். இப்போது வயிறு உப்பி, கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? 'எப்படி இருக்கிறீர்கள்' என்றா? இல்லை. காதோரம் குனிந்து, "என்னண்ணே... மறுபடியும் தண்ணியா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதைத் தொட்டு ஆறு வருஷமாச்சு தம்பி," என்றார் அவர் மனைவி ரோசி அக்கா. "யாரும் நம்ப மாட்றாங்க. ரவாங்காரங்களும் நம்பல."

ரவாங்காரர்கள் என்றால் மகள் மேரிக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார். ஈஸ்டர் கழிந்ததும் நிச்சயதார்த்தம் என்று ஏற்பாடு. 'கல்லீரல்' என்ற சொல் அவர்கள் காதில் விழுந்தது... அதோடு போன் வருவது நின்றுவிட்டது.

நம் ஆட்களில் உடம்பை நம்பிப் பிழைக்கிற ஒருவருக்குக் கல்லீரல் கெட்டால் நாம் காரணம் தேடுவதே இல்லை. குடிதான்! விசாரணையே வேண்டாம், நேரே தீர்ப்பு.

டாக்டர் வந்தார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பெண், நன்றாகத் தமிழ் பேசினார். "அங்கிள், வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடுறீங்களா?"

"ஒரு மருந்தும் இல்ல டாக்டர்."

அண்ணன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகரும்போதுதான் அக்கா மெதுவாகக் கேட்டார்: "அந்தச் சத்து மாத்திரைய மட்டும் கொடுக்கலாமா? ரெண்டு நாளா விட்டுப்போச்சு."

டாக்டர் நின்றார். "என்ன மாத்திரை?"

பையிலிருந்து பாட்டில் வெளியே வந்தது. பச்சைத் தேயிலைச் சாற்றைச் சுண்டவைத்துச் செய்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை. 'உழைக்கும் உடம்புக்குக் கவசம்' என்று விற்கிற சரக்கு. ஒரு நாளைக்கு இரண்டு என்று லேபிளில் போட்டிருந்தது. அண்ணன் விழுங்கியதோ எட்டு!

"ரெண்டு, ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு லா," என்றார் அண்ணன். "நான் மூட்டை தூக்குறவன்."

தவக்காலம் வேறு. பொழுது சாயும்வரை சாப்பிட மாட்டார். ஓவர்டைமையும் விடவில்லை. வெறும் வயிற்றில் எட்டு மாத்திரை, அதற்கு மேல் மூட்டை.

"கீரை நல்லது, தக்காளி நல்லது, கொய்யா நல்லது," என்றார் டாக்டர். "தட்டுல வச்சுச் சாப்பிட்டா உடம்பு அளவா எடுத்துக்கும். இது அப்படியில்ல அங்கிள். பட்டினி, பாரம், அதோட இதுவும்... ஈரல் எதைத்தான் தாங்கும்?" இதுதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் சந்தேகம் இதன் மேல்தான் என்றார். ஈரல் தேறுமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

இந்தப் பாட்டிலை அண்ணனுக்கு விற்றது யார்? நான்தான். ஊரில் பாதிப் பேர் போல நானும் நேரடி விற்பனையில் சேர்ந்திருந்தேன். 'இது மருந்தே இல்லண்ணே, சாப்பாடு மாதிரி. பயப்படாம சாப்பிடுங்க' என்று சொன்னது இந்த வாய்தான். அப்படி விற்ற நான்தான் அவர் காதில் 'தண்ணியா' என்றும் கேட்டேன். வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீ நல்லதுன்னு நெனச்சுதானே கொடுத்தே," என்றார். "ஒரு தடவ ரவாங்குக்குப் போய்ட்டு வா. நான் குடிக்கலன்னு மட்டும் சொல்லு. மேரி பாவம்."

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஒன்று விடாமல் சொன்னேன். பாட்டிலைக் காட்டினேன், விற்றது நான்தான் என்பதையும் ஒப்புக்கொண்டேன். மாப்பிள்ளையின் அப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். டீ கொடுத்தார்கள். வாசல்வரை வழியனுப்ப வந்தவர், என் தோளில் கை வைத்து மெல்லக் கேட்டார்:

"அது சரி தம்பி... நீங்களும் அவரும் ஒண்ணாத்தான் குடிப்பீங்களா?"